அரசியலாரின் அகவாழ்வும் வரலாற்றின் தீர்ப்பும்

தம் குறைகளை இறைவன் திருமுன் எடுத்துரைத்தல் சைவ மரபுக்குப் புதிதன்று. சுந்தரமூர்த்தி நாயனாரின் தேவாரமே அதற்குச் சான்றாகும். ஆயின், நாட்டை நடத்துவோர் தம் அகவாழ்வைப் பத்திரிகை வாயிலாகப் பொதுமக்கள் முன் வைத்தல் இருபதாம் நூற்றாண்டிற் பெருகிய வழக்கமாகும். இதனை வரலாற்று மாணவர் எங்ஙனம் மதித்தல் வேண்டுமென்பதை ஈண்டு ஆராய்வாம்.

இணுவிலுக்கு அணித்தாயுள்ள மருதனார்மடத்திலே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டு நிறுவிய மகளிர் கல்லூரிக்குக் காந்தியடிகள் 1927 நவம்பர் இறுதியில் எழுந்தருளினார். அக்காலத்தே அவருடைய சுயசரிதை 'நவஜீவன்' வார இதழில் வெளிவந்துகொண்டிருந்தது. 1925இல் தொடங்கிய அத்தொடர் 1929இல் நிறைவெய்தியது. அதன் பெரும்பகுதியை ஆங்கிலத்திற் பெயர்த்த மகாதேவ தேசாயும் இப்பயணத்தில் உடன் வந்திருந்தார். மறைவிற் புலால் உண்டமை, பொற்காப்பிலிருந்து ஒரு துண்டைக் களவாடியமை, தந்தையார் உயிர் நீத்த வேளையில் அருகில் இல்லாமை ஆகியவற்றை அடிகள் ஒளியாது எழுதினார். இவை பகைவர் கைக்கு ஆயுதமாகக் கூடியவை என்பதை அவர் அறியாதவரல்லர்.

அக்கல்லூரியின் நிறுவுநரோ வேறு நெறியினர். அவர் தம் வாழ்க்கையைத் தாமே நூலாக்கினாரல்லர். 1930இல் அவர் மறைந்து நாற்பதாண்டுகள் கழிந்த பின்னரே வைத்தியலிங்கம் எழுதிய விரிவான வரலாற்றின் முதற்பகுதி 1971இல் வெளிவந்தது. ஆயினும் சட்டநிரூபண சபையில் அவர் ஆற்றிய உரைகளும் நிறுவிய கல்லூரிகளும் அவரை அளக்கப் போதுமான சான்றுகளாயின. எனவே, மௌனம் எல்லாம் மறைப்பு ஆகாது.

தொலைக்காட்சி வந்தபின் நிலைமை மாறிற்று. தமிழ்நாட்டின் முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதா, 1999இல் சிமி கரேவாலுக்கு அளித்த பேட்டியில், நடிகையாகிய தாயின் அருகாமைக்கு ஏங்கிய இளமையையும், விருப்பமின்றித் திரைத்துறை புகுந்தமையையும் கூறி, இந்திப் பாடல் ஒன்றும் பாடினார். கண்டிப்புக்குப் பெயர்போன தலைவரிடத்து மக்கள் அதுவரை காணாத ஒரு முகத்தை அன்று கண்டனர். அவ்வேக்கம் பொய்யென்று கொள்ள ஏதுவில்லை. எனினும் காலத்தை நோக்குக: அவ்வாண்டு ஏப்பிரிலில் அவர் கட்சி ஆதரவை விலக்கியதனால் வாஜ்பாயி அரசு ஒரு வாக்கினால் வீழ்ந்தது, பொதுத்தேர்தல் அண்மித்திருந்தது, அவர்மீதான சொத்துக்குவிப்பு வழக்கும் முடிவுறாதிருந்தது. இளமைத் துயர் இரக்கத்துக்குரியது. ஆட்சிக் கணக்குக்கு அது விடையாகாது.

இவ்வளவுகோல் அடிகளுக்கும் உரியதே. மூத்த மகன் ஹரிலாலின் மனக்குறை அச்சுயசரிதையில் தந்தையின் வாய்மொழியாகவே வருகின்றது. மகனின் குரலை வேறிடத்தே தேடல் வேண்டும். எத்துணை உண்மையாளரும் தம் கதையைத் தாமே தெரிந்தெடுத்துக் கூறுகின்றனர்.

ஆதலின் அரசியலார் மனந்திறந்து பேசுமிடத்து மாணவர் மூன்றினை வினவுக: இது கூறப்பட்ட வேளை யாது? கூறுதலால் அவர் இழப்பது யாது, பெறுவது யாது? அக்கதையிற் பேசாதிருப்போர் யாவர்? இவற்றை வினவாது கண்ணீரைக் கண்டு வாக்களிக்கும் மக்கள், தம் ஆட்சியாளரிடம் கணக்குக் கேட்கும் உரிமையைத் தாமே நெகிழவிடுவர். ஒருவர் துயரை அறிந்து இரங்குதல் மனிதப் பண்பு. அவர் செயலை அறிந்து தீர்ப்பளித்தல் குடிமக்கள் கடன். இவ்விரண்டனையும் வேறுபடுத்தி அறியப் பயிற்றுவதே வரலாற்றுக் கல்வியின் பயன்.