கோடம்பாக்கத்திலிருந்து குவார்ட்டர்ஸ் வரை

1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்து, 1957-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்து, 1961-இல் நிலக்கரி வெளிப்பட்ட ஊர் நெய்வேலி. நகரியத்தில் வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ் எழ, பல மாவட்டத்துக்காரர்கள் வந்து குடியேறினார்கள். பாட்டும் கூடவே வந்தது. ஊரைத் தன் பெயருக்கு முன்னே வைத்து சங்கீத கலாநிதி விருது வரை உயர்ந்த பாடகர் சந்தானகோபாலனே சாட்சி.

ஆனால் அன்று குரலைத் தரமாகப் பதிய வேண்டுமானால் சுமார் 200 கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருந்தது. டேப் மெஷின், மிக்ஸிங் கன்சோல், எதிரொலி அடக்கிய கூடம் எல்லாம் கோடம்பாக்கம், வடபழனிப் பக்கத்து ஸ்டுடியோக்களில் இருந்தன. வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க, ஒருவர் தவறினாலும் முதலிலிருந்து இன்னொரு டேக் போகும். நேரத்துக்கு வாடகை. கையில் காசில்லாதவன் அந்தக் கதவைத் தட்டவே தயங்குவான்.

அந்தக் கதவை உடைத்தது ஒரு கேசட். 1979-இல் டாஸ்காம் நிறுவனம் விற்பனைக்கு விட்ட போர்ட்டாஸ்டுடியோ, சாதாரண கேசட்டிலேயே நான்கு டிராக்குகளைத் தனித்தனியாகப் பதிந்தது. 1982-இல் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் குழுவுக்குப் போட்டுக்காட்ட வீட்டில் அதில் பாடிவைத்தார். பிறகு குழுவோடு ஸ்டுடியோவில் பாடிப் பார்த்தும் அந்த உணர்ச்சி வரவில்லை. கேசட்டில் இருந்ததே ‘நெப்ராஸ்கா’ ஆல்பமாக வெளிவந்தது. அடுத்த ஆண்டு வந்த மிடி முறை, வெவ்வேறு கம்பெனிக் கீபோர்டுகளை ஒரே கம்பியில் இணைத்தது.

தமிழ்நாட்டில் இந்த வரலாறு ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் நடந்தது. இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரஹ்மானின் தந்தை ஆர்.கே.சேகர் 1976-இல் இறந்தபின், அவர் வைத்திருந்த கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. 1989-இல் கோடம்பாக்கம் வீட்டில் ரஹ்மான் பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்தபோது ஏசி, அலமாரி, கம்பளம் எல்லாம் தயார். கருவி வாங்கத்தான் பணமில்லை. காலி அறையில் உட்கார்ந்திருந்ததை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தாய் கரீமா நகைகளைக் கொடுக்க, அதில் முதல் ரெக்கார்டர் வந்தது. விளம்பரப் பாடல்கள் அங்கே உருவாயின. 1992-இல் வெளியான ‘ரோஜா’ படத்தின் இசையும் அங்கிருந்துதான் வந்தது, முதல் படத்துக்கே தேசிய விருது.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. அறை முதலில், கருவி பிறகு. இன்று பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 2000-இல் வந்த ஆடாசிட்டி ஒலிப்பதிவு மென்பொருள் இலவசம். ஒரு லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், மைக், ஹெட்போன் போதும். மைக்கில் பணத்தைக் கொட்டிவிட்டு வெறுஞ்சுவர் அறையில் பாடினால், சுவர் திருப்பி அனுப்பும் ஒலியும் சேர்ந்தே பதிவாகும்.

நெய்வேலிக் குவார்ட்டர்ஸோ நிறுவனத்தின் வீடு. சுவரை இடிக்கவோ நிரந்தரமாக எதையும் கட்டவோ முடியாது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். ஆகவே கழற்றி எடுத்துப் போகக்கூடிய ஸ்டுடியோதான் இங்கே பொருந்தும். துணி நிறைந்த அலமாரி, தொங்கவிட்ட கனத்த போர்வை, தரையில் கம்பளம், மூலையில் நிமிர்த்திய பஞ்சு மெத்தை ஆகியவை எதிரொலியைப் பெரிதும் உறிஞ்சும். வெளிச்சத்தத்தை இவை தடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு ஊர் அடங்கிய இரவுதான் வழி. கன்டென்ஸர் மைக் மின்விசிறிச் சத்தத்தையும் அள்ளிக்கொள்ளும். சீர்செய்யாத அறைக்கு 1966 முதல் மேடைகளில் நிற்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கே நல்லது. பாடும்போது விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும், கடலூர் மாவட்டத்துப் புழுக்கமானாலும்.

அறை தயாரானதும் ஒரு வேண்டுகோள். சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் உழைத்து ஓய்வு பெறப்போகிறவர்களில், சொந்த ஊர்த் தாலாட்டோ நடவுப் பாட்டோ தெரிந்தவர் உங்கள் வட்டத்தில் இருந்தால், அவர் வீட்டைக் காலி செய்வதற்கு முன் அழைத்து உட்காரவைத்துப் பதிந்துகொள்ளுங்கள்.