ஒன்றாம் எண் அடிக்குறிப்பு

இராமேஸ்வரம் தீவைப் பற்றி ஒரு கட்டுரைத் தொகுப்பு தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுரைக்கு ஒரு கோப்பு, ஆளுக்கு ஒரு கட்டுரை. இரண்டாம் கோப்பில், பாம்பன் பாலத்தைப் பற்றிய வரி ஒன்றின் கடைசியில் [^1] என்று ஒரு குறி. கோப்பின் அடியில் அதே குறியைத் திரும்ப எழுதி, ஒரு முக்காற்புள்ளி வைத்து, பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட விவரம். நம் அடிக்குறிப்பு பிறந்த இடம் அது.

இப்படிக் குறி போட்டு எழுதும் முறைக்கு மார்க்டவுன் என்று பெயர். ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்ட மூல மார்க்டவுனில் அடிக்குறிப்புக்கு இடமே இல்லை. பின்னால் வந்தவர்கள் சேர்த்த வசதி இது. பெர்க்லியில் தத்துவம் கற்பிக்கும் ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட பாண்டாக் என்ற நிரலைத்தான் இன்று பலரும் கோப்புகளை ஒன்றுசேர்க்கப் பயன்படுத்துகிறார்கள். பாண்டாக்கைப் பொறுத்தவரை அந்த 1 ஓர் அடையாளம் மட்டுமே. அச்சில் வரும் எண்ணை அது வரிசைப்படி தானே போட்டுக்கொள்ளும். [^பாலம்] என்று எழுதினாலும் அச்சில் எண்தான் வரும். அடையாளத்துக்குள் இடைவெளி கூடாது.

மூன்றாம் கோப்பு 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றியது. அதை எழுதியவரும் [^1] என்றுதான் தொடங்கியிருப்பார். வேறு எப்படித் தொடங்குவார்?

பாண்டாக் கோப்புகளை, நடுவே ஒரு வெற்று வரி விட்டு, ஒட்டி ஒரே பிரதியாகப் படிக்கிறது. ஒரே அடையாளத்தில் இரண்டு குறிப்புகள் இருப்பதைப் பார்த்ததும் திரையில் ஓர் எச்சரிக்கை வரியைப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறது. குறி இருக்கும் இரண்டு இடத்திலும் அந்த ஒரே குறிப்புதான் வரும். பாலம் திறந்த வரிக்கு அடியில் புயல் வந்து உட்கார்ந்திருக்கும். எண்களோ 1, 2, 3 என்று அப்பழுக்கில்லாமல் ஓடும். மெய்ப்பு பார்ப்பவர் எண் வரிசையைச் சரிபார்த்துவிட்டு நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார். எண் தப்பியிருந்தாலாவது கண்ணில் பட்டிருக்கும்.

'ஃபைல்-ஸ்கோப்' என்ற தெரிவைக் கொடுத்தால் பாண்டாக் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே படித்து முடித்த பிறகே இணைக்கும். இரண்டு 1களும் மோதாது. ஆனால் ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றின் குறிப்பைச் சுட்ட முடியாமல் போகும். என்னைக் கேட்டால், 'பாலம்-1', 'புயல்-1' என்று எழுதும்போதே அடையாளம் வைப்பதுதான் நல்லது.

கோப்புகளைக் 'கேட்' (cat) என்ற கணினிக் கட்டளையால் ஒட்டுகிறவர்களுக்கு வேறொரு வில்லங்கம் உண்டு. அந்தக் கட்டளை நடுவே வெற்று வரி விடாது. முதல் கோப்பு அடிக்குறிப்போடு முடிந்தால், அடுத்த கட்டுரையின் தலைப்பு அந்தக் குறிப்போடு ஒட்டிக்கொண்டு, தலைப்பைக் காட்டும் ஹாஷ் குறியோடு சேர்ந்து பக்கத்தின் அடிக்குப் போய்விடும். கட்டுரை தலைப்பில்லாமல் நிற்கும்.

வேர்டில் முறையாகச் செருகிய அடிக்குறிப்புகள், கோப்புகளைச் சேர்த்தால் தாமாகவே எண் மாறிக்கொள்ளும். கையால் 1 என்று தட்டி, அதை மேலொட்டாக்கி அனுப்புகிறார்களே, அவை எங்கே போனாலும் 1தான்.

எந்த நிரலுக்கும் எட்டாதது கையால் எழுதிய 'மேலது, ப. 45'. தனிக் கோப்பில் 'மேலது' தனக்கு மேலே உள்ள நூலைச் சரியாகவே காட்டும். நடுவில் ஒரு குறிப்பைப் புதிதாகச் செருகினாலோ, பத்திகளை இடம் மாற்றினாலோ அது சத்தமில்லாமல் வேறொரு நூலைக் காட்டத் தொடங்கும். 'குறிப்பு 12 காண்க' என்று கையால் எழுதியதும் அப்படித்தான்: இணைத்த பிரதியில் அந்த 12 இப்போது 40க்கு மேல் எங்கோ இருக்கலாம். பதிப்பாசிரியர் 'மேலது' என்று தேடி, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, நூற்பெயரைத் திரும்ப எழுதுவதைத் தவிர வழியில்லை.

இத்தனையும் தாண்டி வந்த நம் குறிப்பு அச்சில் பக்கத்தின் அடியில் உட்காரும். மின்னூலில் நிலையான பக்கம் இல்லாததால் அடியும் இல்லை. பெரும்பாலும் இயலின் கடைசிக்கோ நூலின் கடைசிக்கோ போகும். இது புதிதல்ல: 1776இல் கிப்பனின் ரோம வரலாற்றின் முதல் தொகுதியில் குறிப்புகள் எல்லாம் கடைசியில் இருந்தன. தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூம், வெறும் ஆதாரம் சுட்டும் குறிப்புகளைப் பக்கத்தின் ஓரத்திலோ அடியிலோ போடச் சொல்லிப் பதிப்பாளர் ஸ்ட்ரஹானுக்கு எழுதினார். பிந்திய பதிப்புகளில் குறிப்புகள் அடிக்கு வந்தன. மின்னூல் வாசகர் எண்ணைத் தொட்டால் சில செயலிகள் குறிப்பை அங்கேயே திறந்து காட்டுகின்றன. மற்றவற்றில் கடைசிவரை போய்விட்டுத் திரும்பி வர வேண்டியிருக்கிறது.