ஒரு பாடத்துக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ்

பரீட்சை நல்லதா கெட்டதான்னு பட்டிமன்றம் நடத்துற எபிசோடு இல்ல இது. 1862-ல் இங்கிலாந்தில் ரிவைஸ்டு கோட்னு ஒரு அரசாங்க விதி வந்தது. குழந்தை பாஸானா பள்ளிக்குக் காசு, ஃபெயிலானா அந்தக் காசு கட். கிட்டத்தட்ட 30 வருஷம் ஓடின அந்த முறையைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

இது ஏன் வந்துச்சு? அப்போ ஏழைக் குழந்தைகள் படிச்ச பள்ளிகளைப் பெரும்பாலும் சர்ச் அமைப்புகள் நடத்தின, அரசு மானியம் கொடுத்தது. மானியச் செலவு ஏறிக்கிட்டே போச்சு. நியூகாசில் பிரபு தலைமையிலான கமிஷன் 1861-ல் அறிக்கை கொடுத்தது. அதில் ஒரு முக்கியமான புகார்: ஆசிரியர்கள் மேல் வகுப்புப் பிள்ளைகள் மேலதான் கவனமா இருக்காங்க, கீழே இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு ஒழுங்கா வாசிக்கக்கூட வரலை. இன்ஸ்பெக்டரும் பள்ளியை மொத்தமாப் பார்த்துட்டுப் போயிடுவார். டெமோ அன்னைக்கு வேலை செய்யற ஒரே ஸ்க்ரீனை மட்டும் கிளையன்டுக்குக் காட்டுற மாதிரிதான். அந்தப் புகார்ல நியாயம் இருந்துச்சுன்னுதான் எனக்குத் தோணுது.

கல்விப் பொறுப்பில் இருந்த ராபர்ட் லோவ் இதுக்குச் சொன்ன தீர்வு ரொம்பக் கறாரானது. இனிமே கல்வி ஒண்ணு தரமா இருக்கும், இல்லன்னா மலிவாவாவது இருக்கும்ங்கிற அர்த்தத்தில் பார்லிமென்டிலேயே பேசினார்.

கணக்கு இதுதான். வருகைக்காகத் தலைக்கு 4 ஷில்லிங். ஒழுங்கா வந்த குழந்தை வாசிப்பு, எழுத்து, கணக்கு மூணுலயும் தேறினா இன்னும் 8 ஷில்லிங். ஒரு பாடம் போனா அதில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் போச்சு. பாடத்திட்டத்தை ஆறு ஸ்டாண்டர்டாப் பிரிச்சாங்க. நம்ம ஊர்ல 'எய்த் ஸ்டாண்டர்டு'ன்னு சொல்றோமே, அதே சொல்தான். முதல் ஸ்டாண்டர்டில் எழுத்துகள், சின்னக் கூட்டல் கழித்தல். ஆறாவதில் செய்தித்தாள் பத்தி ஒண்ணை வாசிக்கணும். அதுவரை ஆசிரியருக்கு அரசு நேரடியாக் கொடுத்த ஊக்கத் தொகையும் நின்னுபோச்சு. அவர் சம்பளம் இப்போ அந்தப் பிள்ளைங்க வாயில இருந்து வரணும்.

நல்லது நடக்கலையா? நடந்தது. முதல் தடவையா ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியா சோதிச்சாங்க. கடைசி பெஞ்சுப் பையனை அம்போன்னு விட்டா காசு போகும். அடிப்படைப் பாடத்துக்குக் கவனம் வந்துச்சு. இதை இந்த முறையைத் திட்டுறவங்க பெரும்பாலும் சொல்றதில்ல.

ஆனா காசு எதுக்குக் கிடைக்குதோ அது மட்டும்தான் நடக்கும். வரலாறும் புவியியலும் ஓரங்கட்டப்பட்டன. வாசிப்புத் தேர்வுக்கான புத்தகம் எதுன்னு முன்கூட்டியே தெரியும், அதனால பிள்ளைகள் மொத்தத்தையும் மனப்பாடம் செஞ்சாங்க. புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டும் கடகடன்னு 'வாசிச்ச' குழந்தைகள் பத்தி அந்தக் காலத்துக் கதைகள் உண்டு. கோடு எழுதறவங்களுக்கு இது பழகின வியாதி. டெஸ்ட் கேஸ் முன்னாடியே தெரிஞ்சா விடையை ஹார்ட்கோட் பண்ணிடலாம். டெஸ்ட் எல்லாம் பச்சை, புரோகிராம் மட்டும் குப்பை. காய்ச்சலா இருந்தாலும் தேர்வு நாள்ல குழந்தை வந்தாகணும், இல்லன்னா மானியத்தில் துண்டு விழும்.

கவிஞர் மேத்யூ ஆர்னால்டு 35 வருஷம் பள்ளி இன்ஸ்பெக்டரா இருந்தவர். பள்ளி வாழ்க்கை இயந்திரமா மாறிடுச்சுன்னு தன் அரசு அறிக்கைகள்லயே எழுதினார். விதி போட்ட அதே துறைக்கு அந்த அறிக்கைகளை அனுப்பினார். அதுக்குத் தைரியம் வேணும்.

இது கடல் தாண்டி நம்ம பக்கமும் வந்துச்சு. மெட்ராஸ் ராஜதானியில் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார்கள் இந்த 'ரிசல்ட்' மானியத்துக்குள்ள இழுக்கப்பட்டாங்க. 1882-ல் அமைக்கப்பட்ட ஹண்டர் கமிஷன், கல்லூரிகளுக்கு இந்த முறை வேண்டாம்னு சொன்னது. தொடக்கப் பள்ளிகளுக்கோ, மானியம் பெருமளவு தேர்வு முடிவைப் பொறுத்தே இருக்கட்டும்னு விட்டது. எதிர்த்துப் பேச ஆள் இல்லாத இடம் அதுதான், வேற என்ன.

இங்கிலாந்தில் 1890-ல் இந்த மானிய முறையைத் தளர்த்த ஆரம்பிச்சாங்க. அடுத்த சில வருஷங்கள்ல வருடாந்திரத் தேர்வுக்குப் பதிலா, இன்ஸ்பெக்டர் சொல்லாம கொள்ளாம ஒரு சாதாரண நாள்ல வந்து வகுப்பு எப்படி நடக்குதுன்னு பார்க்கிற வழக்கம் வந்தது.