கலப்புலோகச் சக்கர மெருகேற்றம்

கலப்புலோகச் சக்கர மெருகேற்றம் என்பது பழைய தானுந்துகளில் ஒளி மங்கிப்போன அலுமினியக் கலப்புலோகச் சக்கரங்களைத் தேய்த்து, மீண்டும் வண்ணம் பூசிப் புதுப்பிக்கும் பணி ஆகும். பேச்சு வழக்கில் இச்சக்கரங்கள் "அலாய் வீல்" எனப்படுகின்றன. இப்பணியில் வெளிப்படும் உலோகத் தூசு, சிவகாசிப் பட்டாசுத் தொழிலில் பயன்படும் அலுமினியத் தூளுக்கு நெருங்கிய பொருள் ஆகும். ஆகவே அங்குக் கைக்கொள்ளப்படும் எச்சரிக்கைகள் பலவும் இதற்கும் பொருந்தும்.

சக்கரத்தின் உலோகம்

1924 இல் வெளிவந்த புகாட்டி வகை 35 பந்தயத் தானுந்து, வார்ப்பு அலுமினியச் சக்கரங்களைப் பெயர்பெறச் செய்தது. இன்றைய வார்ப்புச் சக்கரங்கள் பெரும்பாலும் ஏறத்தாழ 7% சிலிக்கனும் சிறிதளவு மக்னீசியமும் சேர்ந்த அலுமினியத்தால் ஆனவை. அலுமினியத்தின் அடர்த்தி இரும்பின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ஆகும். காற்றுப் பட்டவுடன் இதன் மீது மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் உருவாகி, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது.

மங்குவதற்கான காரணங்கள்

* வெயிலில் மேற்பூச்சு (லாக்கர்) வெளிறி உரிதல்.
* தடையிலிருந்து (பிரேக்) தெறிக்கும் சூடான இரும்புத் துகள்கள் பூச்சில் பதிதல்.
* கல் பட்ட இடத்தில் ஈரமும் உப்பும் புகுந்து, பூச்சின் அடியில் புழு ஊர்ந்தது போன்ற வெண்ணிறக் கோடுகளாக அரிமானம் பரவுதல்.
* கடும் அமில, காரக் கழுவிகளைப் பயன்படுத்துதல்.

செய்முறை

1. சக்கரத்தைக் கழற்றி, சோப்பு நீரால் கழுவி, எண்ணெய்ப் பசை நீக்கப்படுகிறது.
2. விரிசலும் வளைவும் உள்ளனவா எனச் சோதிக்கப்படுகிறது. விரிசல் கண்ட சக்கரத்தை மெருகேற்றாமல் விலக்கிவிடுவதே முறை.
3. பழைய பூச்சு நீக்கப்பட்டு, நீரில் நனைத்த உப்புத்தாளால் சொரசொரப்பானதில் தொடங்கிப் படிப்படியாக நயமானது வரை தேய்க்கப்படுகிறது. சிறு பள்ளங்கள் பட்டி வைத்துச் சமப்படுத்தப்படுகின்றன.
4. அடிப்பூச்சு, வெள்ளி வண்ணம், ஒளிபுகு மேற்பூச்சு ஆகியன இதே வரிசையில் பூசப்படுகின்றன.

அச்சுடன் பொருந்தும் முகத்திலும், மரைகள் அமரும் குழிகளிலும் வண்ணம் பூசுதல் கூடாது. பூச்சு நசுங்கினால் மரைகள் தளரும்.

வண்ணத்தை எரித்து நீக்குவதும் தீங்கானது. இவ்வகைச் சக்கரங்கள் சுமார் 540 பாகை செல்சியசில் சூடாக்கி விரைந்து குளிர்விக்கப்பட்டு, பின்னர் 150 பாகையை ஒட்டிய வெப்பத்தில் உறுதியூட்டப்படுகின்றன. கட்டுப்பாடற்ற சூடு அவ்வுறுதியைக் குலைக்கும்.

சிவகாசித் தொழிலுடன் தொடர்பு

விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசு ஆலைகளில் வெடியுப்பு (பொட்டாசியம் நைத்திரேட்டு), கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவற்றின் கலவை "மருந்து" எனப்படுகிறது. மத்தாப்பின் வெண்பொறிக்கும் அலுமினியமே காரணம். அண்டை மாவட்டமான மதுரையின் திருமங்கலத்தில் உள்ள மெட்டல் பவுடர் கம்பெனி அலுமினியத் தூளும் பசையும் தயாரிக்கிறது. சிவகாசியில் 1984 இல் தொடங்கப்பட்ட மெப்கோ சிலெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரில் "மெப்கோ" என்பது இந்நிறுவனத்தைக் குறிக்கும். சக்கரங்களுக்குப் பூசும் வெள்ளி வண்ணத்தின் மினுமினுப்பும் அலுமினியச் செதில்களால் வருவதே.

பட்டாசு மருந்தில் வெடியுப்பு ஆக்சிசனைத் தருகிறது. மெருகேற்றும் கூடத்தில் மிதக்கும் தூசுக்குக் காற்றே அதைத் தருகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் சில பத்துக் கிராம் நுண்தூசு கலந்திருந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கக்கூடும்.

விபத்துகள்

2003 அக்டோபர் 29 அன்று ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள அண்டிங்டன் நகரில், அலுமினியச் சக்கரங்களை வார்க்கும் ஆலையில் தூசு வெடித்து ஒரு தொழிலாளர் இறந்தார்.

2014 ஆகத்து 2 அன்று சீனாவின் குன்சான் நகரில், தானுந்துச் சக்கரங்களை மெருகேற்றும் ஆலையில் நிகழ்ந்த வெடிப்பில் 146 பேர் உயிரிழந்தனர். தூசு சேகரிக்கும் கலத்தில் தேங்கிய அலுமினியத் தூள் ஈரம்பட்டுத் தானே சூடேறித் தீப்பற்றியதாக விசாரணையில் தெரியவந்தது. ஈரமான அலுமினியத் தூள் நீருடன் வினைபுரிந்து வெப்பத்தையும் ஐதரசன் வளியையும் வெளியிடுகிறது.

காப்பு முறைகள்

* உலர் தேய்ப்பைத் தவிர்த்து, நீர் கொண்டு தேய்த்தல். தேய்த்த சேற்றை அன்றன்றே அகற்றுதல். மூடிய கலத்தில் சேர்த்து வைக்காதிருத்தல்.
* இரும்பையும் அலுமினியத்தையும் ஒரே சாணையில் தேய்க்காதிருத்தல். இரும்பின் பொறி அலுமினியத் தூசைப் பற்றவைக்கும். துருவுடன் கலந்த அலுமினியத் தூள் மிகக் கடுமையாக எரியும்.
* படிந்த தூசை அழுத்தக் காற்றால் ஊதாமல், மென்மையாகக் கூட்டி எடுத்தல்.
* நிலைமின் பொறியைத் தவிர்க்க, பட்டாசு ஆலைகளில் போலப் பருத்தி ஆடை அணிதல்.
* தூசு தீப்பற்றினால் நீர் ஊற்றாமல், உலர்ந்த மணலை மெதுவாக இட்டு மூடுதல்.
* மூக்கையும் கண்ணையும் மூடும் காப்பணிகளை அணிதல்.

இவற்றையும் பார்க்க

* அலுமினியம்
* சிவகாசி
* பட்டாசு
* தூசு வெடிப்பு