வெள்ளி முள்கரண்டிப் புதினங்கள்

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநலம் குன்றி ஆட்சி நடத்த இயலாத நிலையை அடைந்தபோது, அவருடைய மூத்த மகன் 1811 பிப்ரவரியில் தந்தையின் இடத்திலிருந்து ஆளும் பொறுப்பை ஏற்றார். 1820 ஜனவரியில் தந்தை இறந்து தாமே அரியணை ஏறும்வரை நீடித்த அந்தப் பதிலாட்சிக் காலமே ‘ரீஜென்சி’ எனப்படுகிறது. ஒன்பது ஆண்டுகளுக்கும் குறைவான இக்காலத்து மேட்டுக்குடியினரின் காதலையும் சூழ்ச்சியையும் கூறும் புதினங்கள் பிற்காலத்தவரின் ஏக்கத்தில் பிறந்தவை என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், அவ்வகையின் வேர் அந்த மாந்தர்கள் உயிரோடு உலவிய நாட்களிலேயே, பெரும்பகுதி ஒரே பதிப்பாளரின் வணிகத்தில், ஊன்றியிருந்தது. ஜேன் ஆஸ்டினை இவ்வகையின் தாயாகச் சொல்வது வழக்கமே ஆயினும் அது முழுவதும் பொருந்தாது. தமக்குப் பிடிக்காத அந்தப் பதிலாட்சி இளவரசருக்கு ‘எம்மா’ புதினத்தைக் காணிக்கையாக்க நேர்ந்த அவர், தம் கதைகளில் நாட்டுப்புறத்துக் கண்ணியமான குடும்பங்களை எழுதினாரேயன்றி, லண்டன் பிரபுக்களின் நடனக்கூடங்களை எழுதவில்லை.

அந்த நடனக்கூடங்களுள் தலையாயது, 1765இல் கிங் தெருவில் திறக்கப்பட்ட ‘ஆல்மேக்ஸ்’. புதன்கிழமை தோறும் நடைபெற்ற அதன் நடனங்களுக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதை, புரவலர்கள் எனப்பட்ட சில சீமாட்டிகள் கூடித் தீர்மானித்தனர். அவர்கள் வழங்கும் அனுமதிச் சீட்டைப் பணத்தால் மட்டும் பெற முடியாது என்பதால், புதுப்பணக்காரர் பலருக்கு அக்கதவு திறக்கவேயில்லை. உள்ளே கிடைத்த விருந்தோ மெல்லிய ரொட்டித் துண்டுகளும் வெண்ணெயும் தேநீரும் எலுமிச்சைச் சாறுந்தான்; வயிற்றுக்காக எவரும் அங்கே சென்றிருக்க மாட்டார். இளம்பெண்களுக்கு வரன் தேடும் களமாகவும் குடும்பங்களின் மதிப்பை நிறுக்கும் தராசாகவும் விளங்கியதே அதன் பெருமை.

இக்கதவு மூடியே இருந்ததுதான் ஹென்றி கோல்பர்ன் என்னும் பதிப்பாளருக்கு முதலாயிற்று. கவிஞர் பைரனுடன் கொண்ட காதல் முறிந்தபின், சீமாட்டி கரோலின் லாம் அதனைக் கதையாக்கிப் பெயரின்றி எழுதிய ‘கிளெனார்வன்’ புதினத்தை அவர் 1816இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். பைரன் முதல் ஆல்மேக்ஸின் புரவலரான ஜெர்சி சீமாட்டி வரை பலர் அதில் மாற்றுப் பெயர்களில் நடமாடினர். தம்மை அடையாளம் கண்டுகொண்ட ஜெர்சி சீமாட்டி, கரோலினை ஆல்மேக்ஸில் நுழையவிடாமல் தடுத்தார். புரவலர்களுள் மற்றொருவரான கூப்பர் சீமாட்டி கரோலினுடைய கணவரின் தங்கை என்பது இப்பூசலை மேலும் சிக்கலாக்கியது. எழுதியவருக்கு அவமானத்தைத் தந்த நூல் பதிப்பாளருக்கு நல்ல விற்பனையைத் தந்தது.

கோல்பர்ன் இதிலிருந்து ஒரு வணிகமுறையைக் கற்றுக்கொண்டார். ஆசிரியர் பெயரை மறைத்து, எழுதியவர் பெருங்குடியைச் சேர்ந்தவர் என்ற வதந்தியைத் தாம் பணம் போட்டிருந்த இதழ்களின் வழியே கசியவிடுவது அதன் முதற்படி. எந்தக் கதைமாந்தர் உண்மையில் யார் என்று காட்டும் பட்டியல்கள் வாசகரிடையே உலவுவது அதன் விளைவு. ‘திறவுகோல்’ எனப்பட்ட இப்பட்டியல் இல்லாமல் கதையின் சுவை பாதியே என்று வாசகர் எண்ணினர். 1826இல் வந்த ‘விவியன் கிரே’ உள்வட்டத்தார் ஒருவரின் படைப்பாகவே பேசப்பட்டு, பின்னர் அதை எழுதியவர் அவ்வட்டத்தோடு தொடர்பற்ற, இருபத்தொரு வயதே ஆகியிருந்த பெஞ்சமின் டிஸ்ரேலி எனத் தெரியவந்தபோது விமரிசகர்கள் அவரைக் கடுமையாகச் சாடினர். பிற்காலத்தில் அவரே நாட்டின் பிரதமரானார். மூன்று தொகுதிப் புதினம் ஒன்றின் விலை அந்நாளில் ஒன்றரை கினி, அதாவது 31 ஷில்லிங் 6 பென்ஸ் ஆகையால், வாங்கிப் படித்தவரைவிட வாடகை நூலகங்களில் எடுத்துப் படித்தவரே மிகுதி. உள்ளே புக முடியாத நடுத்தர வர்க்கத்தார், உடையையும் உபசாரத்தையும் உணவுமேசை ஒழுங்கையும் இந்நூல்களிலிருந்து பயின்றனர் என்றே கொள்ளவேண்டும்.

இப்புதினங்களின் போக்கை, விமரிசகர் வில்லியம் ஹாஸ்லிட் 1827இல் எழுதிய கட்டுரை எள்ளி நகையாடியது. பிரபுக்கள் மீனை வெள்ளி முள்கரண்டியால் உண்கிறார்கள் என்பதையே வியந்து எழுதுவதாகத் தியோடர் ஹுக் என்னும் எழுத்தாளரை அவர் கேலிசெய்ய, அதிலிருந்தே ‘வெள்ளி முள்கரண்டிப் புதினம்’ என்ற பெயர் இவ்வகை முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. கேலி நியாயமானதுதான், எனினும் இவ்வகையில் எழுதிய கேத்தரின் கோர் போன்றோரின் நூல்களில் திருமணச் சந்தையின் கணக்கு வழக்குகள் கூர்மையாகவே பதிவாகியுள்ளன. அவருடைய ‘செசில்’ 1841இல் வந்தபோது பதிலாட்சிக் காலம் பழங்காலமாகிவிட்டிருந்தது. பைரன் அதில் வெளிப்படையாகவே தோன்றுகிறார்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஜார்ஜெட் ஹேயர் 1935இல் ‘ரீஜென்சி பக்’ புதினத்தை வெளியிட்டு, அக்கால உடை, வண்டி, கொச்சைச் சொல் ஆகியவற்றை நுணுகித் தேடிக் கதைக்குள் இழைக்கும் முறையை நிலைநிறுத்தினார். கோல்பர்ன் காலத்தில் கதை பொதுவாக உண்மையெனப் பேசப்பட்டு மனிதர்களின் பெயர்கள் பொய்யாயிருந்தன; ஹேயரிடத்தில் கதை கற்பனையாகி, இளவரசரும், ஆடவர் உடைநயத்துக்கு அக்காலத்தில் இலக்கணம் வகுத்த பிரம்மலும் தத்தம் சொந்தப் பெயரிலேயே கதைக்குள் வருகின்றனர்.