கையொப்பமற்ற வாளும் காம்பின் துருவும்

ஜப்பானிய வாளொன்றில் கொல்லனின் பெயர் இல்லையெனில் அது தாழ்ந்த வாள் என்று முடிவு கட்டலாகாது. குதிரைவீரர்களின் நீண்ட வாள்கள் பல, பிற்காலத்தில் இடையில் செருகுவதற்கேற்ப அடிப்புறத்தில் வெட்டிக் குறுக்கப்பட்டன. கைப்பிடிக்குள் மறையும் காம்பில் பொறித்திருந்த பெயரும் அவ்வெட்டோடு போயிற்று.

எஞ்சிய இரும்பே சான்று. வடிவம் காலத்தைக் காட்டும்: கைப்பிடியருகே ஆழ்ந்த வளைவும் சிறுத்த முனையும் 12ஆம் நூற்றாண்டையொட்டியவை, அகன்ற அலகும் நீண்ட முனையும் 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குரியவை. எஃகு மரபைக் காட்டும். யமாஷிரோ, யமாதோ, பிசென், சகாமி, மினோ என மரபுகள் ஐந்து. தோய்ச்சலால் விளிம்பில் உண்டான கோட்டுக்கு மேலே மூடுபனிபோல் வெண்ணிழல் படர்ந்தால் பிசென் நினைவுக்கு வரும். கோட்டில் தனித்தனி மணிகள் பளிச்சிட்டால் சகாமி. மரத்தின் நேர்ரேகை போன்ற வரிகள் யமாதோவைச் சுட்டும்.

ஆயினும் இவை தீர்ப்புகளே. சகாமியின் மசமுனே தம் பெயரைப் பொறித்த படைப்புகள் மிகச் சில. அவருடையவை எனப் போற்றப்படும் நீள்வாள்கள், ஹொனாமி குடும்பத்தார் போன்ற மதிப்பீட்டாளரின் கண்ணை நம்பியே நிற்கின்றன.

அத்தீர்ப்பை அடுத்த தலைமுறை மறுபடி சோதிக்க வேண்டுமெனில், காம்பின் கருந்துரு அப்படியே இருக்க வேண்டும். அதன் நிறமும் அடியிலுள்ள அரவரிகளும் வயதுக்குச் சாட்சி. தூய்மை செய்வதாக எண்ணி அதைத் தேய்த்தெடுப்போர், வாளின் கடைசி ஆவணத்தை அழிக்கின்றனர்.