வாலுக்கு வாள், தலைக்குச் சம்மட்டி

"அக்கா, நீ வாலுக்குப் போ. தலைய எங்கிட்ட விட்டுடு."

மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்டு என்ற வீடியோ கேமை ஆடத் தொடங்கிய நாட்களில் என் தம்பி எனக்குச் சொன்ன முதல் பாடம் இதுதான். அவன் வேறு ஊரில், நான் வேறு ஊரில்; காதில் ஹெட்செட். எதிரே அஞ்சநாத் நின்றது. முதுகில் மயிரும் வாயில் நெருப்பும் கொண்ட பெரிய பல்லி என்று சொன்னால் அதன் உருவம் கொஞ்சம் பிடிபடும். என் கையில் லாங் ஸ்வார்ட், அவன் கையில் ஹேமர். நான் தலையை நோக்கி ஓடினேன். கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து அங்கேதானே இருந்தது. என் வாள் வீச்சு விலங்கின் மேல் பட்டதோடு பக்கத்தில் நின்ற அவன் மேலும் பட்டது. அவனுக்குக் காயமில்லை, ஆனால் இடறி விழுந்தான். ஓங்கிய சம்மட்டி வீணானது. அடுத்த நொடி அஞ்சநாத் இருவரையும் சேர்த்துக் கடித்துத் தூக்கி எறிந்தது.

தலை யாருக்கு, வால் யாருக்கு என்ற இந்தப் பங்கீடு எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேடிப் போனேன். கதை ஒசாகாவில் தொடங்குகிறது.

2000-களின் தொடக்கத்தில் ஒசாகாவின் கேப்காம் நிறுவனம் பிளேஸ்டேஷன் 2-க்காக, இணையம் வழியே பலர் சேர்ந்து ஆடும் மூன்று ஆட்டங்களை உருவாக்கியது. ஒன்று ஆட்டோ மாடலிஸ்டா என்ற கார் பந்தயம். இன்னொன்று ரெசிடென்ட் ஈவில் அவுட்பிரேக். மூன்றாவது, 2004 மார்ச் 11 அன்று ஜப்பானில் வெளிவந்த மான்ஸ்டர் ஹன்டர். அதை இயக்கியவர் கனாமே ஃபுஜியோகா. பிற்காலத்தில் இந்த வரிசையின் முகமாகவே ஆகிவிட்ட தயாரிப்பாளர் ரியோசோ சுஜிமோட்டோவும் அந்த நாட்களிலேயே இதில் இருந்தவர்.

அவர்கள் எடுத்த ஒரு முடிவிலிருந்துதான் மற்ற எல்லாமே கிளைத்தன என்று நான் நினைக்கிறேன். இந்த ஆட்டத்தில் நம் வேட்டைக்காரருக்கு 'லெவல்' கிடையாது. அந்தக் காலத்து மற்ற சாகச ஆட்டங்களில் நூறு சின்ன விலங்குகளைக் கொன்றால் வீரனின் உடல் வலுவாகும், அடி பலமாகும். இங்கே நூறு வேட்டைக்குப் பிறகும் உடல் முதல் நாள் இருந்த அதே உடல்தான். மாறுபவை இரண்டு: கையிலிருக்கும் ஆயுதமும் மேலிருக்கும் கவசமும் சேர்ந்தது ஒன்று, ஆடுபவரின் கைப்பழக்கம் மற்றொன்று.

ஆயுதம் எங்கிருந்து வரும்? வீழ்த்திய விலங்கிடமிருந்துதான். செதிலை உரித்து, எலும்பை எடுத்து, நகத்தைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கொல்லனிடம் கொடுக்க வேண்டும். நெருப்பு கக்கும் ராத்தலோஸின் உறுப்புகளில் செய்த வாள் நெருப்பை வீசும். அதன் தோலில் தைத்த கவசம் நெருப்பைத் தாங்கும். நேற்று நம்மை எரித்தது இன்று நமக்குப் போர்வை. கடையில் காசு கொடுத்து வாங்கிய வாளில் இந்த ஒட்டுறவு வராது. அலமாரியில் தொங்கும் ஒவ்வொரு கவசத்தைப் பார்க்கும்போதும் அது எந்த இரவில், எத்தனை தோல்விக்குப் பின் கிடைத்தது என்பது நினைவுக்கு வரும்.

அரிய உறுப்புகள் எளிதில் கிடைப்பதில்லை. தேவைப்படாதபோது வந்து விழும், தேடும்போது ஒளிந்துகொள்ளும். ஜப்பானிய ஆட்டக்காரர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: 'ஆசை சென்சார்'. மனதில் ஆசை இருப்பதை ஆட்டம் மோப்பம் பிடித்துவிடுகிறதாம்.

முதல் ஆட்டம் ஆறு வகை ஆயுதங்களோடு வந்தது. வாளும் கேடயமும், பெருவாளான கிரேட் ஸ்வார்ட், ஈட்டி, சம்மட்டி, எய்யும் ஆயுதங்களான இலகு பௌகன், கன பௌகன். தாக்குவதற்குப் பட்டனும் கிடையாது. வலப்பக்க அனலாக் குச்சியை எந்தத் திசையில் தள்ளுகிறோமோ அதற்கேற்ப வாள் சுழலும். கைக்கு அது சிரமம்தான். ஆனாலும் அந்த வடிவமைப்பில் ஒரு நியாயம் தெரிகிறது. வாளை வீசுவது ஒரு சொடுக்கில் முடியாமல் உடலசைவாக இருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பியிருக்க வேண்டும். பின்னர் பட்டன்கள் வந்தன. அசைவின் கனம் மட்டும் இன்றுவரை போகவில்லை. பெருவாளை ஒருமுறை ஓங்கிவிட்டால் அது இறங்கும்வரை நடுவில் மனம் மாற முடியாது. விலங்கு விலகிவிட்டால் வெறும் மண்ணில்தான் விழும்.

இந்தக் கனம் ஆயுதத்தோடு நிற்பதில்லை. பழைய ஆட்டங்களில் காயத்துக்கு மருந்து குடிக்க வேண்டுமென்றால் ஆயுதத்தை உறையில் போட்டு, நின்ற இடத்தில் நின்று குடிக்க வேண்டும். குடித்து முடித்ததும் வேட்டைக்காரர் இரு கைகளையும் முறுக்கித் தோள் வலிமையைக் காட்டி ஒரு போஸ் கொடுப்பார். அது முடியும்வரை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த இடைவெளியைத்தான் விலங்கு குறிவைத்துப் பாயும். அடிக்க அடிக்க வாளின் கூர் மழுங்கும். மழுங்கிய வாள் கெட்டித் தோலில் பட்டுத் தெறிக்கும். சண்டைக்கு நடுவே உட்கார்ந்து சாணைக்கல்லில் தீட்டியே ஆக வேண்டும். விலங்கின் தலைக்குமேல் உயிரளவைக் காட்டும் பட்டையும் இல்லை. அது நொண்டி நடந்தால் சாகும் தறுவாயில் இருக்கிறது என்று நாமாகவே புரிந்துகொள்ள வேண்டும். கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள் என்று சொல்லும் ஆசான் இந்த ஆட்டம். தொடக்க நாட்களில் அந்த ஆசானாக இருந்தது யான் குட்-கு என்ற பறவை முகக்காரன். பெரிய விலங்குகளோடு எப்படிச் சண்டையிடுவது என்பதை அந்தத் தலைமுறை அவனிடம் அடிவாங்கித்தான் படித்தது.

ஆயுத வகைகள் ஒரே மூச்சில் பெருகவில்லை. இரட்டை வாள்கள் முதல் ஆட்டத்தின் மேல்நாட்டுப் பதிப்பிலும், அடுத்து 2005 ஜனவரியில் ஜப்பானில் வந்த மான்ஸ்டர் ஹன்டர் ஜி-யிலும் சேர்ந்தன. பெரிய பாய்ச்சல் 2006 பிப்ரவரியில் வந்த இரண்டாம் ஆட்டத்தில் நடந்தது. லாங் ஸ்வார்ட், கன்லான்ஸ், வில், ஹன்டிங் ஹார்ன் என்று ஒரே ஆட்டத்தில் நான்கு புதியவை.

இவற்றில் ஹன்டிங் ஹார்ன் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அது ஒரு ராட்சத ஊதுகொம்பு. சம்மட்டியைப் போல அதைச் சுழற்றி அடிக்கலாம். அடிக்கும் ஒவ்வொரு வீச்சும் ஒரு சுரம். சுரங்கள் சரியான வரிசையில் சேர்ந்தபின் கொம்பை ஊதினால் கூட இருக்கும் எல்லோருக்கும் பலன். ஒரு பாட்டு அடியின் வலிமையைக் கூட்டும், ஒன்று உயிரை மீட்கும், ஒன்று களைப்பை நீக்கும். நான்கு பேர் சேர்ந்து வேட்டைக்குப் போகும் ஆட்டத்தில், மற்ற மூவருக்காகவே ஒருவர் ஏந்தும் ஆயுதம் வேண்டும் என்று யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். அந்த நினைப்பு எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இதற்கிடையில் ஆட்டம் கைக்குள் வந்துவிட்டது. 2005 டிசம்பரில் பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவிக்கான பதிப்பு வெளியானது. ஜப்பானில் இந்த ஆட்டம் ஊர்ப் பேச்சானதற்கு அதுவே காரணம். இணைய இணைப்பு வேண்டாம். நான்கு பேர் அருகருகே உட்கார்ந்தால் கருவிகள் தாமாகவே ஒன்றையொன்று கண்டுகொள்ளும். பள்ளி முடிந்த பிள்ளைகளும் வேலை முடிந்த பெரியவர்களும் உணவகங்களில் கூடி வேட்டையாடினார்கள். அந்தக் கருவியில் இரண்டாவது அனலாக் குச்சி கிடையாது. இடது கட்டைவிரலால் நடந்துகொண்டே ஆள்காட்டி விரலை நகம்போல் வளைத்துத் திசைப் பட்டனை அழுத்திப் பார்வையைத் திருப்ப வேண்டும். ஆட்டத்தின் பெயரைச் சுருக்கி அந்தப் பிடிப்புக்கே 'மொன்ஹன் பிடி' என்று பெயர் விழுந்தது. விரல் வலித்தாலும் யாரும் விடவில்லை.

2009-இல் வீ கருவிக்கு வந்த மூன்றாம் ஆட்டம், கோடரியிலிருந்து வாளாக உருமாறும் சுவிட்ச் ஆக்ஸைக் கொண்டுவந்தது. கூடவே வில், இரட்டை வாள், கன்லான்ஸ், கொம்பு ஆகியவற்றை நீக்கியும்விட்டது. அடுத்த ஆண்டே கையடக்கப் பதிப்பில் அவை திரும்பி வந்தன. 2013 செப்டம்பரில் நான்காம் ஆட்டம் இன்செக்ட் கிளேவ், சார்ஜ் பிளேடு இரண்டையும் சேர்த்தது. முதலாவதில் கழியோடு ஒரு பூச்சியும் வரும். அதை ஏவினால் விலங்கின் உடலிலிருந்து சாறு எடுத்து வந்து நமக்கு வலுவூட்டும். அத்தோடு கணக்கு பதினான்கு. அதற்குப் பின் வந்த வேர்ல்டு, ரைஸ், வைல்ட்ஸ் என்ற பெரிய ஆட்டங்கள் எதிலும் பதினைந்தாவது வகை வரவில்லை. இருக்கும் பதினான்கையே ஒவ்வொரு முறையும் புதிதாகச் செதுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

தம்பியின் பாடத்துக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தில் அடி மூன்று விதம்: வெட்டு, மொத்தல், எய்தல். வாலை அறுக்க வெட்டு வேண்டும். சம்மட்டியால் எத்தனை அடித்தாலும் வால் துண்டாகாது. தலையில் மொத்தல் சேரச் சேர விலங்கு மயங்கி விழும். என் நெடுவாளால் தலையில் எவ்வளவு வெட்டினாலும் அந்த மயக்கம் வராது. அதனால்தான் சம்மட்டிக்காரனுக்குத் தலை, வாள்காரிக்கு வால். யாரும் எழுதி வைக்காத இந்தப் பாகப்பிரிவினை, ஆயுதங்களின் இயல்பிலிருந்து தானாகவே முளைத்தது. நால்வரில் யார் விழுந்தாலும் பூனைகள் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு முகாமுக்கு வரும். மொத்தம் மூன்று முறை அப்படி ஆனால் எல்லோருக்கும் தோல்வி. "கார்ட் ஆயிட்டேன்" என்று ஹெட்செட்டில் கேட்கும்போது அது நால்வரின் நஷ்டம்.

2018 ஜனவரியில் வந்த வேர்ல்டு, என்னைப் போலப் புதிதாக வந்தவர்களுக்குக் கதவை அகலமாகத் திறந்தது. மருந்தை நடந்துகொண்டே குடிக்கலாம். அடிக்கும்போது எவ்வளவு சேதம் என்று எண் தெரியும். பழைய ஆட்டங்களில் கவசத் திறன்களுக்குப் புள்ளிக் கணக்கு உண்டு. பத்துப் புள்ளி சேர்ந்தால்தான் திறன் விழிக்கும், ஒன்பதில் நின்றால் பயனில்லை. வேர்ல்டில் ஒரு கையுறையோ தொப்பியோ அணிந்த மாத்திரத்தில் அதற்குரிய திறன் வந்துவிடும். அந்தப் பழைய கணக்கை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் வருந்தினார்கள், அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த எளிமை இல்லாமல் போயிருந்தால் நான் பாதியிலேயே விட்டிருப்பேன்.

அஞ்சநாத்திடம் நான்கு முறை தோற்றோம். ஐந்தாம் முறை போகும் முன், சதுப்பில் புரளும் ஜுராட்டோடஸை வேட்டையாடி அதன் உறுப்புகளில் நீர் வாள் ஒன்று செய்துகொண்டேன். நெருப்புக்காரனுக்குத் தண்ணீர் ஆகாது. தலைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாலின் கீழே நின்று, அது வீசும்போது உருண்டு, நின்றதும் வெட்டி, மறுபடி உருண்டு... முன்பக்கம் தம்பியின் சம்மட்டி தொம்மென்று இறங்கும் ஓசை. விலங்கு மயங்கிச் சரிந்தது. என் வாள் மேலிருந்து கீழாக ஒரே வீச்சு. வால் தனியாகப் பறந்து புல்லில் விழுந்தது. "அக்கா! வால்! வால எடு!" என்று அவன் கத்தியதில் என் காது அடைத்தது.

சில மாதம் கழித்து அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுடைய திரையில் கவசப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மணி கண்ணில் பட்டது. கவசக் குழிகளில் பதிக்கும் மணிகள் ஒவ்வொன்றும் ஒரு திறன் தரும். அடியின் வலிமையைக் கூட்டும் மணிக்குத்தான் எல்லோரும் இடம் ஒதுக்குவார்கள். அவன் பதித்திருந்தது ஃபிளின்ச் ஃப்ரீ. கூட ஆடுபவரின் ஆயுதம் தன்மேல் பட்டாலும் இடறாமல் நிற்க உதவுவது. எப்போது போட்டாய் என்று கேட்டேன்.

"நீ ஆட ஆரம்பிச்ச வாரத்துலயே போட்டுட்டேன்," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்படியே அடுத்த வேட்டைக்கு என் பெயரையும் சேர்த்துப் பதிவுசெய்தான்.